31 டிகிரியில் ஒயின் வைக்கலாமா?

11 மார்ச் 2023 (கேள்வி)

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீவக வீடு, அரசாங்க அடுக்குமாடி. யூடியூபில் பார்த்துத் திராட்சை ஒயின் போட்டேன். 2 கிலோ கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட். ஜாடி வாயில் துணி கட்டி வைத்தேன். மூன்றாவது வாரம் திறந்தால் வினிகர் வாடை. மனைவி அதைக் குளியலறை கழுவ எடுத்துக்கொண்டார். நம்மூர் மாதிரி வெயில் நாட்டுக்கு ஒயின் சரிப்பட்டு வராது என்றே நினைக்கிறேன். பழமும் சரியில்லை, சூடும் சரியில்லை. யாராவது இங்கேயே செய்து, குடிக்கிற மாதிரி வந்திருக்கிறதா?

12 மார்ச் 2023

வந்திருக்கிறது. வராமல் கீழே ஊற்றிய கணக்கும் உண்டு, அது கொஞ்சம் நீளம்.

உங்களுடையது கெட்டதற்குப் பழத்தைக் குறை சொல்லாதீர்கள். துணிதான் காரணம். முதல் நாலைந்து நாள் துணி கட்டலாம். பொங்கும்போது மேலே கரியமில வாயு நிற்கும், காற்றை அண்ட விடாது. பொங்கி அடங்கியதும் காற்று இறங்கும். கூடவே பழ ஈ வரும். அதன் காலில் ஒட்டி வரும் அசிட்டோபாக்டர் என்ற கிருமி சாராயத்தைக் காடியாக்கிவிடும். நம் வீட்டுச் சூடு அதற்கு விருந்து. ஐந்தாம் நாள் பிழிந்து, வாய் குறுகிய கண்ணாடி ஜாடியில் கழுத்து வரை நிரப்பி, ஏர்லாக் போட்டிருக்க வேண்டும். தண்ணீர் நிற்கும் சின்ன வளைகுழாய் அது. வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராது. இரண்டு மூன்று வெள்ளிதான்.

12 மார்ச் 2023, இரவு

ஒருவர் தனியாகக் கேட்டார், இது சட்டப்படி சரியா என்று. சிங்கப்பூரில் சரி. வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, 18 வயது நிரம்பியவர், சொந்த உபயோகத்துக்கு நொதிக்க வைக்கலாம். விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் கவனிக்க: அங்கே 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் செய்வது குற்றம். நாகர்கோவிலில் டிசம்பர் மாதம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஊறுகாய் ஜாடி நிரம்பியிருக்கும். இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

பைபிளில் இயேசு தண்ணீரை ஒயினாக்கிய கானாவூர்க் கல்யாணத்தில் ஆறு கற்சாடி. எப்படிப் பார்த்தாலும் 30 லிட்டரைத் தாண்டும்.

15 மார்ச் 2023

வெயில் நாட்டில் ஒயின் வராது என்ற பேச்சு என்னைச் சும்மா விடவில்லை. தாய்லாந்தில் ஹுவா ஹின்னுக்குப் போய்ப் பாருங்கள், அட்சரேகை 12, 13 டிகிரிதான். முன்பு யானை கட்டிய இடத்தில் திராட்சைத் தோட்டம். மான்சூன் வேலி (Valley) என்ற பெயரில் வரும் ஒயின் அங்கே விளைவது. காவ் யாய் மலைப் பக்கம் கிரான்மாண்டே, பிபி வேலி என்று இரண்டு ஒயின் தோட்டங்கள் இருக்கின்றன. பாலியில் ஹாட்டன் என்ற ஒயின் நிறுவனம் 1994இல் ஆரம்பித்தது. வடக்கே சிங்கராஜா பக்கத்துத் திராட்சை. அவர்களுடைய ரோஸ் ஒயின் அல்போன்ஸ் லவாலே என்ற கறுப்புத் திராட்சையில் செய்வது. நம்மூர்க்காரர்கள் நாசிக்கை மறந்துவிடக் கூடாது. அங்கே சூலா நிறுவனம் முதல் ஒயினை 2000இல் விட்டது.

கொடிக்குக் குளிர்காலம் கிடையாது என்பதுதான் இங்கே வித்தியாசம். ஐரோப்பாவில் பனியில் இலை உதிர்த்துத் தூங்கும். நம்மிடம் தூங்காது, காய்த்துக்கொண்டே இருக்கும். அதனால் கத்தரி போட்டு ஓய்வு கொடுக்கிறார்கள். நாசிக்கில் ஏப்ரலில் ஒரு வெட்டு, மழை முடிந்து இன்னொரு வெட்டு, ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுவடை. நாட்காட்டியைக் கொடி வைத்திருப்பதில்லை, கத்தரி வைத்திருப்பவன் வைத்திருக்கிறான். பாலியில் ஒரே தோட்டத்தில் ஒரு பக்கம் பூ, ஒரு பக்கம் பழம் பார்த்தேன். முதலில் ஏதோ நோய் என்று நினைத்தேன்.

18 மார்ச் 2023

சரி, இனி அம்மா போடும் ஒயின் கணக்கு. 1 கிலோ பழம், 1 கிலோ சர்க்கரை, ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு கைப்பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட், பட்டை கிராம்பு ஏலம். தினம் ஒருமுறை மரக்கரண்டியால் கிண்ட வேண்டும். 21 நாள். குமரி மாவட்டத்திலும் மலையாளப் பக்கத்திலும் இதுதான் பல்லவி, வீட்டுக்கு வீடு சரணம் மாறும்.

ஒரு நாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மொத்தத் திரவம் சுமார் 2.8 லிட்டர், சர்க்கரை பழத்தோடு சேர்த்து 1.1 கிலோவுக்கு மேல். லிட்டருக்கு 400 கிராம். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை எரிந்தால் 1 சதவீதம் ஆல்கஹால். முழுக்க எரிந்தால் 23 சதவீதம் வர வேண்டும். வராது, ரொட்டி ஈஸ்ட் பதினொன்று பன்னிரண்டிலேயே கையை விரித்துவிடும். மீதிப் பாதிச் சர்க்கரை அப்படியே நிற்கும். பாயசத்துக்குப் பக்கத்து வீடு. அதனால்தான் கிறிஸ்துமஸ் அன்று பாட்டிகள் எல்லாம் இரண்டாவது கிளாஸ் கேட்டார்கள்.

நான் இதைத் திருத்தி "ஒழுங்கான" ஒயின் செய்யப் போகிறேன். பத்து லிட்டர், அன்னாசி. சந்தையில் மலிவு.

26 மார்ச் 2023

செய்முறை கேட்டவர்களுக்கு. தோல் நீக்கி நசுக்கிய அன்னாசி 5 கிலோ, சர்க்கரை 1.4 கிலோ, தண்ணீர் சேர்த்து 10 லிட்டர். பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாக. சந்தைப் பழத்தோடு வரும் காட்டுக் கிருமிகளை அடக்க. (ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பொடியை மோந்து பார்க்காதீர்கள், நான் பார்த்தேன்.) மறுநாள் பழக்கூழைக் கரைத்துத் தெளிய வைக்கும் பெக்டிக் என்சைம், அப்புறம் ஈஸ்ட். இசி-1118 என்ற ஒயின் ஈஸ்ட், 5 கிராம் பொட்டலம். உறையில் 10 முதல் 30 டிகிரி என்று போட்டிருக்கிறது. கே1வி-1116 என்பது 35 வரை தாங்கும், கடையில் தீர்ந்துவிட்டது.

ஹைட்ரோமீட்டர் 1.078 காட்டியது. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் மிதவை அது, சர்க்கரை எரிய எரிய எண் இறங்கும்.

27 மார்ச் 2023

மேலே தப்பு. ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்கு அளவு குறித்தது. நான் பார்த்தது 30இல். சூடான திரவம் இலேசு, மீட்டர் ஆழமாக இறங்கும், அளவு இரண்டு மூன்று புள்ளி குறைத்துக் காட்டும். அசல் 1.080 பக்கம் இருக்கும்.

31 மார்ச் 2023

நான்கே நாளில் அடங்கிவிட்டது. பொங்கிய பொங்கில் ஏர்லாக் தண்ணீர் கூரையில். சந்தோஷப்பட்டுச் சமையலறையில் ஆடியிருப்பேன், வாடை விடவில்லை. அழுகிய முட்டை. அன்னாசி அழகாக இருக்கிறதே தவிர ஈஸ்டுக்குத் தின்ன நைட்ரஜன் போதவில்லை போல. பட்டினி போட்டால் ஈஸ்ட் இப்படித்தான் கந்தக வாடை விட்டுத் திட்டும். கடையில் நைட்ரஜன் தரும் டிஏபி உப்பு கிடைக்கும். இல்லையா, ரொட்டி ஈஸ்ட் ஒரு கரண்டியைக் கொதிக்கவைத்துக் கொன்று ஊற்றினால் உயிருள்ளது செத்ததைத் தின்னும். கேட்கக் கொஞ்சம் பயங்கரம்தான்.

2 ஏப்ரல் 2023

27ஆம் தேதித் திருத்தத்துக்கு ஒரு திருத்தம். ஈப்போக்காரர் ஒருவர் சுட்டிக்காட்டினார்: ஆரம்பத்திலும் முடிவிலும் ஒரே சூட்டில் அளந்தால் பிழை பிழையோடு கழிந்துவிடும், ஆல்கஹால் கணக்கு மாறாது. 1.078இலிருந்து 0.994, வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினால் 11 சதவீதம். உண்மைதான். இரண்டு நாள் நான் அட்டவணை தேடியது வீண்.

ஆல்கஹால் கணக்கு சரியாக வந்தது, குடிக்கத்தான் முடியவில்லை. தொண்டையில் நெருப்பு. பெயின்ட் கடை வாடை. சூட்டில் ஈஸ்ட் அவசரப்பட்டால் கனத்த ஆல்கஹால்களைக் கூடுதலாகக் கக்கும். குடித்த மறுநாள் தலைவலி அதனால் என்று நான் நம்புகிறேன், மனைவி அளவினால் என்கிறாள்.

16 ஏப்ரல் 2023

கொஞ்சம் ஊர்ப் பேச்சு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு இந்த வருடம் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம் அது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்று சொல்கிறார்கள். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் போனால் பந்தலுக்குக் கீழே குனிந்து நடக்க வேண்டும், தலையில் கொத்து இடிக்கும். வருடம் முழுக்கக் காய்க்கும். வாயில் போட்டால் பன்னீர் வாசனை, அப்புறம் ஒரு புளிப்பு, விதை. அம்மா ஒயினுக்கு அதுதான்.

சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் தேடினேன், கிடைக்கவில்லை. தோல் மெல்லியது, தூரம் தாங்காது. இங்கே வருவது விதையில்லாக் கறுப்பு, மகாராஷ்டிரப் பெட்டி. தின்ன நல்லது. ஒயினுக்கு வாசனை போதாது, பார்க்க ஒயின், குடிக்கச் சர்பத்.

30 ஏப்ரல் 2023

சூட்டை இறக்கும் வழி. இணையத்தில் எல்லாரும் சொல்வது: ஜாடிக்கு ஈர பனியன் போட்டு, அடியைத் தண்ணீரில் வைத்து, மின்விசிறியைத் திருப்பி விடு. செய்துவிட்டேன். அருமையான வழி, எல்லாரும் செய்யுங்கள்.

3 மே 2023

செய்யாதீர்கள். இரண்டு டிகிரி கூட இறங்கவில்லை. இதை எழுதியவர்கள் காற்று வறண்ட ஊரில் இருப்பவர்கள். இங்கே துணி காயவே இரண்டு நாள் ஆகிறது, ஈரம் ஆவியானால்தானே குளிரும்? மூன்று நாளில் பனியனில் பூஞ்சை வந்ததுதான் மிச்சம். மண்பானைத் தண்ணீர் மதுரையில் சில்லென்று இருப்பதும் சிங்கப்பூரில் வெதுவெதுப்பாக இருப்பதும் இதனால்தான். பள்ளியில் படித்தது, பனியன் போட்டபின்தான் புரிந்தது.

14 மே 2023

நேற்று அங் மோ கியோவில் 37 டிகிரி. 1983இல் தெங்காவில் பதிவான உச்சத்துக்குச் சமம் என்று செய்தியில் சொன்னார்கள். யீஷூனில் என் வீட்டு ஜாடி மேல் ஒட்டிய வெப்பமானிப் பட்டை 34. நொதிக்கும்போது ஜாடி தானே சூடாகும், அறைச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி கூடவே நிற்கும். புது ஒயின் எதுவும் போடவில்லை. உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. ஊற்றிவிட நினைத்த அன்னாசியை இன்று மறுபடி திறந்தேன். தெளிந்திருக்கிறது. அந்த முட்டை வாடை காணவில்லை. தொண்டை நெருப்பு பாதிதான். ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்துக் குடித்தால் மோசமில்லை என்று சொல்லும்படி இருக்கிறது. "மோசமில்லை" என்று மனைவி சொன்னாள், நான் சொன்னால் யார் நம்புவார்கள்.

11 ஜூன் 2023

வழி கிடைத்துவிட்டது, படு சாதாரணம். துணி ஊறவைக்கும் பெரிய வாளி, பாதித் தண்ணீர், அதில் ஜாடி. ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் போத்தல்களில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீஸரில் கட்டியாக்கி, காலையில் இரண்டு, இரவில் இரண்டு மிதக்க விட வேண்டும். 23, 24இல் நிற்கிறது. முதல் ஐந்து நாள் இதைப் பார்த்துக்கொண்டால் போதும், ஈஸ்ட் அவசரப்படுவது அப்போதுதான். ஃப்ரீஸரில் மீனுக்கு இடமில்லை என்ற வழக்கு வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது.

இந்த முறை ரோசெல். நம் புளிச்சக்கீரைக்குச் சொந்தக்காரச் செடி, பூவுக்கு அடியில் இருக்கும் அந்தச் சிவப்புப் புல்லியிதழ். காய்ந்தது சீன மருந்துக் கடையில் கிடைக்கும். வேகவைத்த தண்ணீரே ஒயின் நிறம். யாரும் பார்த்தால் பிரான்ஸ் என்றுதான் நினைப்பார்கள், கிட்டே போய் மோந்தால் புளிக்குழம்பு.

9 ஜூலை 2023

ரோசெல் நொதிப்பது நின்றுவிட்டது. 1.010. இரண்டு வாரமாக அசையவில்லை. இலேசான இனிப்பு, நல்ல புளிப்பு, அப்படியே போத்தலில் அடைத்துவிட்டேன். பத்துப் போத்தல். பாம் ஷெல்டரில் அடுக்கினேன், இருட்டாக இருக்கும்.

22 ஜூலை 2023

இரவு இரண்டேகால். சத்தம் கேட்டு எழுந்தேன். பாம் ஷெல்டருக்குள் குண்டு.

வெளியிலிருந்து வரும் குண்டுக்காக அரசாங்கம் கட்டிக் கொடுத்த கனத்த இரும்புக் கதவு, உள்ளிருந்து வந்ததைத் தாங்கியது. நான்கு போத்தல் போய்விட்டது. சுவர் முழுக்கச் சிவப்பு. அரிசி மூட்டை, மாமியாரின் பட்டுப்புடவைப் பெட்டி, கிறிஸ்துமஸ் நட்சத்திரம், எல்லாம் ரோசெல். மீதி ஆறையும் சாக்கு போர்த்தி, கையுறை, ஹெல்மெட்டோடு ஒவ்வொன்றாகத் திறந்தேன். பக்கத்து வீட்டு சீன அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டார்.

23 ஜூலை 2023

காரணம் நான்தான். நின்றுவிட்டது என்று நான் நினைத்தது பனிக்கட்டியின் வேலை. ஈஸ்டுக்குக் குளிரில் சோம்பல், சாகவில்லை. சர்க்கரை மிச்சம், ஈஸ்ட் மிச்சம், 30 டிகிரி அறையில் அடைத்து வைத்தால் விழித்துக்கொண்டு வேலையைத் தொடரும். ஷாம்பெய்னுக்கு வேண்டுமென்றே போத்தலில் சர்க்கரை சேர்க்கிறார்கள், லிட்டருக்கு 24 கிராம். அதற்கே உள்ளே ஆறு வளிமண்டல அழுத்தம், தடித்த போத்தல், கம்பி கட்டிய தக்கை. என்னிடம் அதைவிடக் கூடுதல் சர்க்கரை, மெல்லிய ஜூஸ் போத்தல்.

இனிப்பு மிச்சம் இருந்தால் ஃப்ரிட்ஜ், அல்லது பிளாஸ்டிக் போத்தல். பிளாஸ்டிக் என்றால் அழுத்திப் பார்த்தாலே தெரியும், கல்லாகிவிட்டால் மூடியைத் தளர்த்தலாம். அழகு போகும், கண் போகாது.

20 ஆகஸ்ட் 2023

ஒருவர் கேட்டிருக்கிறார்: இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை எதோடு குடிப்பது?

நான் முதலில் செய்த முட்டாள்தனம், காரமான மீன் தலைக் கறிக்குக் கனத்த சிவப்பு ஒயின். 14 சதவீதம், வாயைச் சுருக்கும் துவர்ப்பு. ஆல்கஹால் மிளகாய்க்கு எண்ணெய் ஊற்றும். மூன்றாவது வாய்க்குக் கண்ணில் தண்ணீர். அதே கறிக்கு அந்த வயதான அன்னாசியை நன்றாகக் குளிரவைத்து, கொஞ்சம் சர்க்கரைப்பாகு கலந்து கொடுத்தேன். எல்லாரும் சோற்றை இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார்கள். இனிப்பு காரத்தை அடக்கும், சில்லென்று இருப்பது இன்னும் நல்லது. சிவப்பை அறைச் சூட்டில் குடி என்பார்கள். யார் அறை? பிரான்ஸில் கல் வீட்டுக்குள் 16, 17 இருக்கும். என் அறை 31. சிவப்பையும் அரை மணி ஃப்ரிட்ஜில் வைத்துத்தான் எடுக்கிறேன், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

தட்டை வடைக்கு எதுவும் பொருந்தும்.

5 நவம்பர் 2023

அம்மாவோடு தொலைபேசி. இந்தக் கதை எல்லாம் சொன்னேன், பனியன், பனிக்கட்டி, குண்டு. அம்மா கேட்டது ஒன்றுதான்: "சர்க்கரையை எதுக்குலே குறைச்சே?"

ஒயின் இனிப்பாக இருக்கக் கூடாதாம்மா என்றேன். இனிப்பில்லாட்டி கெட்டுப் போகும்லா என்றார்.

மார்ச்சில் எழுதியதை மறுபடி படித்தேன். லிட்டருக்கு 200 கிராம் மிச்சச் சர்க்கரை என்று கிண்டல் செய்தேன். அத்தனை சர்க்கரையும் 11 சதவீத ஆல்கஹாலும் சேர்ந்தால் காடிக் கிருமிக்கு வேலை செய்வது கஷ்டம். ஈஸ்டும் அந்த இனிப்பிலும் ஆல்கஹாலிலும் திணறித் தானே நிற்கும், பனிக்கட்டி வேண்டாம். 21ஆம் நாள் வடிகட்டி, 25ஆம் தேதி குடித்து, புத்தாண்டுக்குள் ஜாடி காலி. வருடக்கணக்கில் வைத்திருந்தால்தானே பாதாளக் கிடங்கும் 13 டிகிரியும் வேண்டும்? நான் ஆறு மாதம் சண்டை போட்ட எல்லாப் பிரச்சினையையும் அந்த ஒரு கிலோ சர்க்கரை முடித்து வைத்திருந்தது.

ஆனாலும் ஒரு கிலோ அதிகம். 700 கிராமில் நிற்கிறேன்.

3 டிசம்பர் 2023

போட்டாயிற்று. பன்னீர் திராட்சை இல்லை. பாதி விதையில்லாக் கறுப்பு, பாதி காய்ந்த திராட்சை, நிறத்துக்கு ஒரு பிடி ரோசெல். பட்டை கிராம்பு. கோதுமை போட்டேன், எதற்கென்று இன்னும் தெரியாது, அம்மா போடச் சொன்னார். ரொட்டி ஈஸ்ட்தான். பீங்கான் ஜாடி, துணி. தினம் காலையில் மரக்கரண்டி.

மேலே மார்ச் 12இல் துணியைத் திட்டியவன் நானே. 21 நாளுக்குத்தான் துணி, அத்தனை சர்க்கரையோடு. உங்கள் 2 கிலோ பழத்துக்கு எவ்வளவு சர்க்கரை போட்டீர்கள் என்று நான் கேட்கவே இல்லை, கேட்டிருக்க வேண்டும்.

4 டிசம்பர் 2023

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார்: 300 கிராமாம். உடம்புக்கு நல்லதில்லை என்று குறைத்தாராம்.

26 டிசம்பர் 2023

நேற்று வடித்தேன், ஒரு நாள் தாமதம். வீட்டில் பதினான்கு பேர். இனிப்பு, கிராம்பு, அடியில் ஒரு புளிப்பு. 700 சரிதான் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமியார் தன் கிளாஸில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினார்.

மிச்சம் முக்கால் போத்தல். பிளாஸ்டிக் போத்தல், ஃப்ரிட்ஜ் கதவில்.